ஊசி போட்டு வாழும் நம் பிள்ளைகள்

அல்ஹம்துலில்லாஹ். வஸ்ஸலாத்து வஸ்ஸலாமு அலா ரசூலில்லாஹ், வஅலா ஆலிஹி வஸஹ்பிஹி அஜ்மயீன். அம்மா பஃத்.

அல்லாஹ்வை அஞ்சி நடக்குமாறு எனக்கும் உங்களுக்கும் முதலில் உபதேசித்துக் கொள்கிறேன்.

ரமளானுக்கு இன்னும் இரண்டு ஜும்ஆக்களே பாக்கி. வழக்கமாக இந்த நாட்களில் நோன்பின் சிறப்புகளைப் பேசுவோம். இன்ஷா அல்லாஹ் அடுத்த வாரம் பேசலாம். இன்று, நோன்பு நோற்க ஆசை இருந்தும் பலருக்கு அது ஆபத்தாக இருக்கிற ஒரு கூட்டத்தைப் பற்றிப் பேச வேண்டும். டைப் 1 சுகர் உள்ள பிள்ளைகள். நம் மஹல்லாவிலேயே நான்கு பேர் இருக்கிறார்கள். உங்களில் பலருக்கு இது தெரியாது. எனக்கே போன மாதம்தான் தெரிந்தது. ஏன் தெரியவில்லை என்பதற்குப் பின்னால் வருகிறேன்.

அதற்கு முன் என் சொந்த விஷயம் ஒன்றைச் சொல்கிறேன். இதை மிம்பரில் சொல்வதா என்று பல நாள் யோசித்தேன்.

பல வருஷங்களுக்கு முன், வேறொரு ஊரில் இமாமாக இருந்தேன். அஸர் தொழுகைக்குப் பிறகு ஒரு தகப்பன் வந்தார். ஒன்பது வயது மகள். மூன்று மாதத்துக்கு முன் மயங்கி விழுந்து, ஆஸ்பத்திரியில் சேர்த்து, சுகர் என்று சொல்லி தினமும் நான்கு ஊசி போடச் சொல்லியிருக்கிறார்கள். “ஹஜ்ரத், ஒரு வைத்தியர் பொடி கொடுக்கிறார். ஊசியே வேண்டாம், பூரணமாக குணமாகிவிடும் என்கிறார். இப்போதே சுகர் குறைந்துகொண்டு வருகிறது. என்ன செய்யட்டும்?” என்று கேட்டார்.

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? ‘எனக்கு இது தெரியாது, டாக்டரிடம் கேட்டுவிட்டு வாருங்கள்’ என்று சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது, “அல்லாஹ் மேல் தவக்குல் வையுங்கள் பாய், ஷிஃபா அவன் கையில்” என்பது. தண்ணீரில் ஓதி ஊதிக் கொடுத்தேன். அவர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு போனார்.

மூன்று வாரம் இருக்கும். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது. வாந்தி, வயிற்று வலி. சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தார்கள். மூச்சு வேகமாக வாங்கியிருக்கிறது. சளி என்று நினைத்தார்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது நேரம் கடந்துவிட்டது. அந்த ஜனாஸாவைத் தொழ வைத்தவன் நான்தான்.

அபூதாவூதில் ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கிற ஒரு சம்பவம் இருக்கிறது. ஆலிம்கள் எல்லோருக்கும் தெரிந்த ஹதீஸ். நானும் ஓதியிருக்கிறேன், மாணவர்களுக்கு நடத்தியும் இருக்கிறேன். ஒரு பயணத்தில் ஒருவருக்குக் கல் பட்டுத் தலையில் காயம். அந்த நிலையில் அவருக்குக் குளிப்புக் கடமையாகிவிட்டது. தயம்மும் செய்துகொள்ள எனக்குச் சலுகை உண்டா என்று தோழர்களிடம் கேட்டார். தண்ணீர் இருக்கும்போது உனக்குச் சலுகை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அவர் குளித்தார், இறந்துபோனார். செய்தி நபி (ஸல்) அவர்களிடம் வந்தபோது, அவரை இவர்கள் கொன்றுவிட்டார்கள் என்றே சொன்னார்கள். தெரியாதபோது கேட்டிருக்கக் கூடாதா, அறியாமைக்கு மருந்தே கேட்பதுதானே என்று கடிந்துகொண்டார்கள்.

நன்றாகக் கவனியுங்கள். அந்த மனிதர்கள் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. மார்க்கத்தில் பேணுதலாக இருக்க வேண்டும் என்றுதான் சொன்னார்கள். ஆனால் நபி (ஸல்) அவர்கள் அதைக் கொலை என்று சொன்னார்கள். அந்த ஹதீஸை அன்றிலிருந்து என்னால் சாதாரணமாக ஓத முடிவதில்லை.

சகோதரர்களே, அந்த வைத்தியர் சொன்னது ஏன் உண்மை போலத் தெரிந்தது என்பதைப் பிறகு ஒரு குழந்தை மருத்துவரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டேன். நீங்களும் தெரிந்துகொள்ள வேண்டும்.

நமக்கெல்லாம் தெரிந்த சுகர் நாற்பது, ஐம்பது வயதில் வருவது. மாத்திரை சாப்பிடுகிறோம், நடக்கிறோம், ஹல்வாவைக் கண்டால் தலையைத் திருப்பிக்கொள்கிறோம். (சிலர் திருப்புவதில்லை, அது வேறு விஷயம்.) அது டைப் 2. அதில் உடம்பு இன்சுலினைச் சுரக்கிறது, ஆனால் அது போதவில்லை, சரியாக வேலை செய்யவில்லை. டைப் 1 அப்படியல்ல. நோய்க்கிருமிகளோடு சண்டையிட அல்லாஹ் உடம்புக்குள் ஒரு எதிர்ப்புச் சக்தியை வைத்திருக்கிறான். அது தவறுதலாகத் திரும்பி, கணையத்தில் இன்சுலின் சுரக்கிற அணுக்களையே அழித்துவிடுகிறது. பிள்ளை மிட்டாய் தின்றதால் வந்தது அல்ல. தாய் கர்ப்பத்தில் இனிப்பு சாப்பிட்டதால் வந்ததும் அல்ல. கண்ணேறு, யாரோ செய்துவைத்த செய்வினை என்று அந்தத் தாயின் காதில் போய் ஓதாதீர்கள்.

இன்சுலின் இல்லையென்றால் சாப்பிட்ட சாப்பாட்டின் சத்து ரத்தத்திலேயே நிற்கும், உடம்புக்குள் போகாது. பிள்ளை சாப்பிட்டுக்கொண்டே மெலியும். உடம்பு தன் கொழுப்பையே எரித்துப் பிழைக்கப் பார்க்கும். அதிலிருந்து ஒரு வகை அமிலம் ரத்தத்தில் சேரும். வாந்தி, வயிற்று வலி, வேகமான மூச்சு, மூச்சில் பழ வாடை, பிறகு மயக்கம். ஊசி நின்றால் நாட்கணக்கில், சில சமயம் மணிக்கணக்கிலேயே இது வந்துவிடும்.

இப்போது அந்தப் பொடியின் ரகசியத்துக்கு வருகிறேன். நோய் தெரிந்து ஊசி ஆரம்பித்த சில வாரங்களில் பல பிள்ளைகளுக்கு, மிச்சமிருக்கிற கொஞ்ச அணுக்கள் ஓய்வு கிடைத்துத் திரும்ப வேலை செய்யும். ஊசியின் அளவு தானாகக் குறையும். சிலருக்கு மிகக் கொஞ்சமே போதும் என்கிற நிலை வரும். டாக்டர்கள் இதற்குத் ‘தேனிலவுக் காலம்’ என்று பேர் வைத்திருக்கிறார்கள். சில மாதம் இருக்கும், போய்விடும். அந்த நேரம் பார்த்து யார் எதைக் கொடுத்தாலும், குணமாகிறது போலத்தான் தெரியும். பொடி கொடுத்தாலும் தெரியும், ஓதிய தண்ணீர் கொடுத்தாலும் தெரியும். பெற்றோரின் ஆசையும் சேர்ந்துகொள்ளும். அந்தத் தகப்பன் முட்டாள் அல்ல, தன் கண்ணால் பார்த்த குறைந்த நம்பரை நம்பினார்.

ஓதிப் பார்ப்பதை நான் மறுக்கவில்லை. அது சுன்னத். ஓதுங்கள், அல்லாஹ்விடம் அழுது கேளுங்கள். ஊசியைப் போட்டுவிட்டு ஓதுங்கள். உஸாமா இப்னு ஷரீக் (ரலி) அறிவிக்கிறார்கள்: கிராமத்து அரபிகள் வந்து, நாங்கள் மருத்துவம் செய்துகொள்ளலாமா என்று கேட்டபோது, செய்துகொள்ளுங்கள், முதுமையைத் தவிர எந்த நோயையும் மருந்தில்லாமல் அல்லாஹ் வைக்கவில்லை என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் பதில் சொன்னார்கள். அபூதாவூத், திர்மிதீ இரண்டிலும் இருக்கிறது. மருத்துவம் செய்வது தவக்குலுக்கு எதிரானது என்றால் இந்தப் பதில் வந்திருக்காது.

இந்த நோய்க்கான மருந்தை அல்லாஹ் மனிதனுக்குக் காட்டிக்கொடுத்து நூறு வருஷம்தான் ஆகிறது. அதற்கு முன் டைப் 1 வந்த பிள்ளைக்கு டாக்டர்கள் செய்த வைத்தியம் என்ன தெரியுமா? பட்டினி. சாப்பாட்டைக் குறைத்துக் குறைத்து, எலும்பும் தோலுமாக்கி, இன்னும் சில மாதம் உயிரை இழுத்துப் பிடிப்பது. 1921-ல் கனடாவின் டொரண்டோவில் ஃப்ரெடெரிக் பாண்டிங், சார்லஸ் பெஸ்ட் என்ற இருவரும் அவர்களோடு இருந்த ஆய்வாளர்களும் இன்சுலினைப் பிரித்தெடுத்தார்கள். 1922 ஜனவரியில் 14 வயது லெனார்ட் தாம்ப்சன் என்ற சிறுவனுக்கு முதன்முதலாகப் போட்டார்கள். சாகக் கிடந்தவன் பதிமூன்று வருஷம் வாழ்ந்தான். அந்த மருந்தின் உரிமையைக் கண்டுபிடித்தவர்கள் பல்கலைக்கழகத்துக்கு ஆளுக்கு ஒரு டாலருக்குக் கொடுத்துவிட்டார்கள். முஸ்லிமல்லாத அவர்கள் இந்த மனதோடு நடந்திருக்கிறார்கள். ஓர் உயிரை வாழவைப்பது மனிதர்கள் எல்லோரையும் வாழவைத்தது போல என்று மாயிதா சூராவின் 32-வது ஆயத்தில் ஓதுகிற நாம், பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு என்ன செய்திருக்கிறோம்?

ஒரு சந்தேகத்தையும் தீர்த்துவிடுகிறேன், என்னிடம் ரகசியமாகக் கேட்கிறார்கள். இன்சுலின் பன்றியிலிருந்து எடுப்பதாமே ஹஜ்ரத்? ஒரு காலத்தில் மாடு, பன்றி இவற்றின் கணையத்திலிருந்து எடுத்தார்கள், உண்மை. 1982-லிருந்து மனித இன்சுலின் வந்துவிட்டது. பாக்டீரியா, ஈஸ்ட் போன்ற நுண்ணுயிர்களில் தயாரிக்கிறார்கள். இன்று நம் ஊர் மெடிக்கலில் நீங்கள் வாங்குவது அதுதான். இதைச் சாக்காக வைத்து ஊசியை விடாதீர்கள்.

இப்போது நோன்பு. பகரா சூராவில் நோன்பைக் கடமையாக்கிய அதே இடத்திலேயே அல்லாஹ் நோயாளிக்கு விலக்கு கொடுத்துவிட்டான். நமக்கு இலகுவைத்தான் நாடுகிறான், கஷ்டத்தை நாடவில்லை என்பதையும் அதே 185-வது ஆயத்தில் வைத்தான். பருவமடையாத பிள்ளைக்கோ நோன்பே கடமையில்லை. ஆனால் நடப்பது என்ன? மதரஸாவில் பிள்ளைகள் ‘நோன்புக் கள்ளன்’ என்று கிண்டல் செய்கிறார்கள். இவன் ரோஷத்தில் ஸஹருக்கு எழுந்துவிடுகிறான். சாப்பிடத்தான் இல்லையே, ஊசி எதற்கு என்று அதையும் விட்டுவிடுகிறான். இது பெரிய தவறு. சாப்பிடாதபோதும் ஈரல் ரத்தத்தில் சர்க்கரையை விட்டுக்கொண்டே இருக்கும். அதனால் நோன்பு வைத்தாலும் வைக்காவிட்டாலும் இன்சுலின் வேண்டும். ஊசி போட்டுச் சாப்பிடாமல் இருந்தாலோ சர்க்கரை தரைமட்டத்துக்கு இறங்கும். இரண்டு பக்கமும் பள்ளம்.

13 நாடுகளில் 12,000-க்கும் அதிகமான முஸ்லிம் சர்க்கரை நோயாளிகளைப் பார்த்து 2004-ல் ஓர் ஆய்வு வெளியானது. டைப் 1 உள்ளவர்களில் நூற்றுக்கு 43 பேர் குறைந்தது பதினைந்து நோன்பு வைத்திருந்தார்கள். சர்க்கரை கடுமையாக இறங்கிப்போகும் ஆபத்து அவர்களுக்கு ரமளானில் கிட்டத்தட்ட ஐந்து மடங்காகியிருந்தது. ஈமானின் ஆசை அது, அந்த ஆசையைக் கேலி செய்ய முடியாது. ஆனால் அம்ரிப்னுல் ஆஸ் (ரலி) அவர்களைப் பாருங்கள். தாதுஸ் ஸலாஸில் படையில், கடுங்குளிர் இரவில் குளிப்புக் கடமையானது. குளித்தால் இறந்துவிடுவோம் என்று பயந்து தயம்மும் செய்து சுபுஹு தொழவைத்தார்கள். நபி (ஸல்) அவர்கள் விசாரித்தபோது, உங்களையே கொன்றுகொள்ளாதீர்கள் என்ற நிஸா சூராவின் கட்டளையை நினைத்தேன் என்றார்கள். நபி (ஸல்) அவர்கள் சிரித்தார்கள், எதுவும் சொல்லவில்லை. இதுவும் அபூதாவூதில்தான் இருக்கிறது. முன்னால் சொன்ன சம்பவத்தில் கோபம், இதில் சிரிப்பு. உயிரைக் காத்தவரைப் பார்த்து வந்த சிரிப்பு அது.

எனவே யாருக்கு முடியும், யாருக்கு முடியாது என்பதை ரமளானுக்கு முன்பே, இந்த வாரமே, டாக்டரிடம் கேளுங்கள். கட்டுப்பாடு நன்றாக இருக்கிற, அடிக்கடி பரிசோதிக்க வசதியுள்ள சில பெரியவர்களுக்கு டாக்டர் அனுமதிக்கக்கூடும். பலருக்கு வேண்டாம் என்பார். அவர் வேண்டாம் என்றால் அந்தச் சொல்லை மீறுவது பக்தி ஆகாது. உயிருக்கு ஆபத்து என்ற நிலையில் நோன்பு வைப்பதே ஹராம். அனுமதி பெற்று வைத்தவரும் பகலில் விரலில் குத்திப் பார்க்க வேண்டும். அதனால் நோன்பு முறியாது. தோலில் போடும் இன்சுலின் ஊசியாலும் முறியாது. 1997-ல் ஜித்தாவின் சர்வதேச ஃபிக்ஹ் அகாடமி, சத்துக்காகப் போடப்படாத ஊசிகளால் நோன்பு முறியாது என்று தீர்மானமே போட்டிருக்கிறது. பார்க்கும்போது 70-க்குக் கீழே இருந்தாலோ 300-க்கு மேலே போனாலோ, மஃரிபுக்குப் பத்து நிமிஷம்தான் இருந்தாலும், உடனே நோன்பை விட வேண்டும். களாவா ஃபித்யாவா என்பது ஆளுக்கு ஆள் மாறும். அதைத் தனியாக என்னிடமோ வேறு ஆலிமிடமோ வந்து கேளுங்கள்.

முதலில் சொன்னேனே, நான்கு பிள்ளைகள் இருப்பது நமக்கு ஏன் தெரியவில்லை? ஒரு தாயிடம் கேட்டபோது அந்தம்மா சொன்னார்: “இவனுக்கு மேலே ரெண்டு பொம்பளப் புள்ளைங்க இருக்கு ஹஜ்ரத். வெளியே தெரிஞ்சா யாரு பொண்ணு கேட்டு வருவா?” ஊசியை அரிசி டப்பாவுக்குள் ஒளித்து வைக்கிறார்களாம். இன்சுலினை அரிசி டப்பாவில் வைத்தால் என்ன ஆகும்? பிரிக்காத மருந்து ஃப்ரிட்ஜில் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டியது. நம் சித்திரை வெயிலில் அது வெறும் தண்ணீராகிவிடும். நம் வாய்க்குப் பயந்து ஒரு பிள்ளை கெட்டுப்போன மருந்தைப் போட்டுக்கொள்கிறது.

எலிசபெத் ஹியூஸ் என்று ஒரு பெண். அமெரிக்க வெளியுறவு அமைச்சரின் மகள். 1922-ல் டொரண்டோவுக்கு வந்தபோது பதினான்கு வயது, எடை இருபது கிலோ அளவுதான். இன்சுலினால் பிழைத்து, திருமணம் செய்து, பிள்ளைகள் பெற்று, 73 வயது வரை வாழ்ந்தார். அத்தனை வசதியும் செல்வாக்கும் உள்ள அந்தப் பெண்மணியே தன் நோயை வாழ்நாள் முழுக்க மறைத்துத்தான் வாழ்ந்தார். அவருக்கே அந்த நிலை என்றால் நம் வாடகை வீட்டுத் தாய் என்ன செய்வார்?

இது தொற்று நோய் அல்ல. டைப் 1 உள்ளவர் மருத்துவர் கண்காணிப்பில் திருமணம் செய்யலாம், நல்ல பிள்ளைகளைப் பெறலாம். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு நூற்றுக்குப் பத்துக்கும் குறைவு. நிக்காஹ் பேசும்போது உண்மையைச் சொல்லிவிட வேண்டும், மறைப்பது மோசடி. ஆனால் உண்மையைச் சொன்னவரை ஊர் முழுக்கப் பேசி மூலையில் தள்ளுகிற நம்மை வைத்துக்கொண்டு, மறைக்காதே என்று மட்டும் எப்படிச் சொல்வது?

இன்னொன்று, என்னையும் சேர்த்துச் சொல்கிறேன். தொழுகையில் மொபைல் சத்தம் கேட்டால் நாம் திரும்பி முறைப்போம். சில பிள்ளைகளின் கையில் ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு சென்சார் ஒட்டியிருக்கும். சர்க்கரை இறங்கினால் போனில் அலாரம் அடிக்கும். அது ரிங்டோன் அல்ல, உயிர் காக்கும் சத்தம். அந்தப் பிள்ளை தொழுகையை விட்டு வெளியே போய் எதையாவது சாப்பிட்டால் யாரும் பிடித்து நிறுத்தாதீர்கள். வேர்த்து, கை நடுங்கி, சம்பந்தமில்லாமல் பேசினால், ஜின் பிடித்தது என்று முடிவு கட்டாதீர்கள், இரும்புச் சாவியைக் கையில் கொடுக்காதீர்கள். மூன்று டீஸ்பூன் சீனியையோ குளுக்கோஸையோ தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். பதினைந்து நிமிஷத்தில் தெளியவில்லை என்றால் மறுபடி கொடுங்கள். நினைவு இல்லையென்றால் மட்டும் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். நம் பள்ளி அலுவலக அலமாரியில் இன்று முதல் குளுக்கோஸ் டப்பா இருக்கும், முஅத்தினிடம் சாவி இருக்கிறது. மக்தப் உஸ்தாதுமார்களிடமும் சொல்லிவிட்டேன். வகுப்பில் அந்தப் பிள்ளை சாப்பிடவும் ஊசி போடவும் கேட்டால் விட வேண்டும். பள்ளிக்கூடங்களுக்கே தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் 2023-ல் இதை வலியுறுத்தி எழுதியிருக்கிறது. மதரஸா அதற்குப் பின்தங்க வேண்டாம்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. நன்றாக இருந்த பிள்ளை திடீரென்று குடம் குடமாகத் தண்ணீர் குடிக்கிறது, ராத்திரி மறுபடி படுக்கையில் சிறுநீர் போகிறது, மெலிகிறது என்றால் அன்றே சுகர் பாருங்கள். சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பின் 2021 கணக்குப்படி, இந்தியாவில் இருபது வயதுக்குட்பட்டவர்களிலேயே 2,29,000 பேருக்கு இது இருக்கிறது.

செலவைக் கணக்குப் போடுங்கள். ஒரு நாளைக்கு நான்கு ஊசி என்றால் வருஷத்துக்கு 1,460. நான்கு முறை விரலில் குத்திப் பார்த்தால் அதே அளவு ஸ்ட்ரிப். இன்சுலின் அரசு ஆஸ்பத்திரியில் கிடைத்தாலும் ஸ்ட்ரிப் செலவு பெற்றோர் தலையில்தான் விழுகிறது. ஆட்டோ ஓட்டுகிற தகப்பன் எங்கே போவார்? ஸ்ட்ரிப்பை மிச்சம் பிடிக்கக் குத்தாமல் விடுவார். முஃமின்கள் ஓருடல் போல, ஒரு உறுப்பு வலித்தால் முழு உடலும் தூக்கமின்றித் தவிக்கும் என்று நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அறிவிக்கும் ஹதீஸை நாம் கேட்காத வருஷம் இல்லை. அந்தத் தாய் ராத்திரி இரண்டு மணிக்கு அலாரம் வைத்து எழுந்து தூங்குகிற பிள்ளையின் விரலில் குத்திப் பார்க்கிறார். ஹதீஸில் சொன்ன தூக்கமின்மை அந்த ஒரு வீட்டில் மட்டும்தான் இருக்கிறது.

நிர்வாகிகளிடம் பேசியிருக்கிறேன். பைத்துல்மாலில் இருந்து மாதா மாதம் இந்தக் குடும்பங்களுக்கு ஸ்ட்ரிப்பும் ஊசியும் வாங்கிக் கொடுக்க ஒப்புக்கொண்டார்கள். ஜகாத் பெறத் தகுதியுள்ள குடும்பம் என்றால் ஜகாத்தையே நேரடியாக அவர்கள் கையில் கொடுக்கலாம். தகுதி வரம்புக்கு மேலே, ஆனால் சிரமத்தில் இருப்பவர்களுக்கு ஸதகாவிலிருந்து கொடுப்போம். பெயர் எங்கும் எழுதி ஒட்டப்படாது.

புதிய செய்திகளும் வருகின்றன. நோய் முழுதாக வெளிப்படும் முன்பே கண்டுபிடித்தால் அதைச் சராசரியாக இரண்டு வருஷம் வரை தள்ளிப்போடுகிற டெப்லிசுமாப் என்ற மருந்துக்கு 2022-ல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. ஸ்டெம் செல்லிலிருந்து இன்சுலின் சுரக்கும் அணுக்களை வளர்த்து உடலில் செலுத்திய ஓர் ஆய்வில், முழு அளவு பெற்ற 12 பேரில் 10 பேருக்கு ஒரு வருஷம் கழித்து ஊசி தேவைப்படவில்லை என்று 2025-ல் வெளியிட்டார்கள். ஆனால் அவர்கள் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரையை விடாமல் சாப்பிட வேண்டும். எல்லோருக்கும் உரிய வைத்தியமாக அது இன்னும் ஆகவில்லை. யாராவது ‘ஸ்டெம் செல் போட்டுக் குணமாக்குகிறோம்’ என்று லட்சக்கணக்கில் கேட்டால் ஏமாந்துவிடாதீர்கள். அது வரும் நாள் வரை, நம் பிள்ளைகளுக்கு அல்லாஹ் தந்திருக்கிற நிஃமத் அந்த ஊசிதான்.

யா அல்லாஹ், நோயுற்ற எங்கள் பிள்ளைகளுக்குப் பூரண ஷிஃபாவைத் தருவாயாக. அவர்களின் பெற்றோருக்குப் பொறுமையையும் ரிஸ்கில் விசாலத்தையும் தருவாயாக. அறியாமல் நாங்கள் சொன்ன வார்த்தைகளால் யாருக்கேனும் தீங்கு நேர்ந்திருந்தால் எங்களை மன்னிப்பாயாக. அந்தச் சின்னப் பெண்ணின் கப்ரை சுவனத்துப் பூங்காவாக ஆக்குவாயாக. ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

ஜும்ஆ முடிந்ததும் அரை மணி நேரம் நான் அலுவலகத்தில் இருப்பேன். கூட்டம் கலைந்த பிறகு பின் வாசல் வழியாக வரலாம், யாரும் பார்க்க மாட்டார்கள். வீட்டில் கேட்டுக்கொண்டிருக்கும் தாய்மார்கள் என் வீட்டாரிடம் சொன்னாலும் போதும். சுன்னத் தொழாதவர்கள் தொழுதுகொள்ளுங்கள்.